சாவடி வரிசையில் சுருக்கெழுத்து

"வெள்ளி. எழும்பியது 4.50. பயிற்சி 40 நிமிடம். வேகம் 94. பஸ் 8.05. சாவடி ஒன்று: 8.31, 11 நிமிடம். சாவடி இரண்டு: 8.58,"

என்னிடம் உள்ள நீலக் கொப்பியில் அந்த நாளின் பதிவு இந்தக் காற்புள்ளியோடு நின்றுவிடுகிறது. மாதம் மாசி. ஆண்டும் எழுதியிருக்கிறேன், இங்கே அதைத் தரவில்லை. இதில் வரும் தையல்காரரின் குடும்பத்தார் இன்னும் இருக்கக்கூடும். தொண்ணூறுகளின் பிற்பகுதி என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அப்போது நான் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் பின்னறையில், இன்னொரு பெண்ணோடு வாடகைக்கு இருந்தேன். அவள் பெருஞ்சாலையான காலி வீதியில் வெளிநாட்டு அழைப்பு எடுத்துக் கொடுக்கும் கடையொன்றில் வேலை செய்தாள். வடக்கிலிருந்து வந்தவர்கள் எல்லோரையும்போல நாங்களும் பொலிஸில் பதிந்திருந்தோம். வந்த காரணம் என்ற இடத்தில் "படிப்பு, ஆங்கிலச் சுருக்கெழுத்து" என்று எழுதியிருந்தேன். இருக்கும் காலத்தை இரண்டு தடவை நீட்டித் தந்தார்கள். மூன்றாம் தடவை போனபோது அங்கிருந்த உத்தியோகத்தர் மாதக் கடைசித் திகதியை எழுதிவிட்டு, அடுத்த முறை வேலைக் கடிதத்தோடு வா, இல்லாவிட்டால் வரத் தேவையில்லை என்றார். வீட்டுக்கார அன்ரியும் அதையே வேறு விதமாகச் சொன்னார். "எனக்கு உம்மிலை ஒண்டும் இல்லைப் பிள்ளை. ஆனா பதிவில்லாத ஆளை வச்சிருந்தா என்னைத்தான் வந்து கேப்பினம்."

ஆகவே எனக்கு ஒரு வேலைக் கடிதம் வேண்டும். நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் சுருக்கெழுத்தாளர் தேவை என்று அறிந்து விண்ணப்பித்தேன். வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குச் சோதனை, பிந்தி வருபவர்கள் சேர்க்கப்படமாட்டார்கள் என்று அஞ்சலட்டை வந்தது. நிமிடத்துக்கு நூறு சொல் எழுத வேண்டும். நான் மூன்று கிழமையாகத் தொண்ணூற்று நான்கில் நின்றுகொண்டிருந்தேன்.

பழக்கங்களை வேண்டுமென்றே உண்டாக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் எனக்கு ஒரு புத்தகத்திலிருந்து வந்தது. மருதானைப் பக்கம் நடைபாதையில் வாங்கிய பழைய ஆங்கிலப் புத்தகம். முன்னட்டையும் முதல் பத்துப் பக்கங்களும் இல்லை. எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது. அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: புதிய பழக்கம் ஒன்றைத் தனியே உண்டாக்கக் கூடாது, தவறாமல் நடக்கும் ஏதாவதொரு காரியத்தோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். என் நாளில் தவறாமல் நடக்கும் காரியம் எது என்று யோசித்துப் பார்த்தேன். தேநீர் சில நாட்களில் இல்லை. குழாயில் தண்ணீரும் சில நாட்களில் இல்லை. சோதனைச் சாவடி மட்டும் ஒரு நாளும் தவறவில்லை. கொட்டாஞ்சேனையில் இருந்த வகுப்புக்கு மட்டக்குளி பஸ்ஸில் போகும்போது இரண்டு தடவை, வரும்போது இரண்டு தடவை எல்லோரும் இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசையோடு பயிற்சியைக் கட்டினேன்.

முதலில் கைவிரலால் கைப்பையின் மேல் எழுதினேன். முன்னால் நிற்பவர்கள் என்ன பேசுகிறார்களோ அதை, பேசும் வேகத்திலேயே. எந்த மொழியானாலும் சரி. சுருக்கெழுத்துக்கு ஒலி போதும். பஸ்ஸில் திரும்ப ஏறியதும் எத்தனை மணிக்கு இறங்கினோம், எத்தனை நிமிடம் நின்றோம் என்று கொப்பியில் குறிப்பேன். எவ்வளவு நேரப் பயிற்சி கிடைத்தது என்று தெரிய வேண்டுமல்லவா? ஒரு மாதத்தில் வேகம் அறுபத்திரண்டிலிருந்து எழுபத்தொன்பதுக்கு வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒருநாள் அறைத் தோழி கொப்பியைப் புரட்டிப் பார்த்தாள்.

"என்னடி இது, பஞ்சாங்கமோ?"

"எத்தினை நிமிஷம் பயிற்சி எடுத்தனான் எண்ட கணக்கு."

"ஆமிக்காரன் எந்தச் சந்தியிலை எத்தினை மணிக்கு நிண்டவன், எவ்வளவு நேரம் மறிச்சவன் எண்டு கோடு போட்டு எழுதி வச்சிருக்கிறாய். உளவு பாக்கிறவன்கூட இவ்வளவு வடிவா எழுதமாட்டான்."

"வாயை மூடு."

"நான் வாயை மூடுறன். நீ கொப்பியை மூடு."

அவள் சொன்னது எனக்கு விளங்காமலில்லை. ஆனால் அந்தப் பத்திகளை ஒரு நாள் நிரப்பாமல் விட்டால் மறுநாள் பயிற்சியும் போய்விடும் என்று பயந்தேன். பொலிஸுக்குப் பயந்ததைவிட அதற்குத்தான் கூடப் பயந்தேன் என்று இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில், சோதனைக்கு முன் ஒரு மணி நேரம் கடைசியாகச் சொல்லி எழுதுவிப்பதாக வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதற்காகக் கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டேன். இரண்டாவது சாவடியில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள். அடையாள அட்டையை மேசையில் மறந்து வைத்தது யார் என்று சண்டை. மனைவி மூச்சு விடாமல் பேசினாள். நூறுக்கு மேல் நிச்சயம் இருக்கும். அப்படியொரு வேகம் வகுப்பில் கிடைக்காது. விரல் போதவில்லை. கொப்பியை எடுத்து நேரத்தை எழுதி, ஒரு காற்புள்ளி போட்டு, பின்பக்கத்தைத் திருப்பிப் பென்சிலால் எழுதத் தொடங்கினேன்.

நான்கு வரி எழுதியிருப்பேன். ஒரு கை வந்து கொப்பியை எடுத்தது.

"மே மொனவத?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டாள், பெண்களைச் சோதிக்க நின்ற பொலிஸ்காரி.

"ஷோர்ட்ஹேண்ட், மிஸ்."

அவள் அந்தக் கோடுகளையும் வளைவுகளையும் நேராகவும் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற சார்ஜன்டிடம் கொடுத்தாள். அவர் வளைவுகளைப் பார்க்கவில்லை. முன்பக்கத்தில் இருந்த எண்களைப் பார்த்தார். 8.58 என்பதில் விரலை வைத்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்பது ஒன்று. பின்னோக்கிப் பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு சாவடியும், ஒவ்வொரு நிமிடமும். கணவனும் மனைவியும் சண்டையை நிறுத்திவிட்டுத் தள்ளி நின்றார்கள். பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது.

காவல் நிலையம் நடக்கும் தூரத்தில் இருந்தது. எந்த நிலையம் என்று எழுதவில்லை. 9.20க்கு ஒரு மர வாங்கில் இருத்தினார்கள். பொறுப்பதிகாரி வரும்வரை ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். எதிர்ச் சுவரில் பெரிய மணிக்கூடு. இரண்டு மணிக்குப் புதுக்கடையில் இருக்க வேண்டும். அதைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

வாங்கின் மறு முனையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. விரல் நுனிகளில் நீலச் சோக்குத் தூள். தையல் மெஷினிலிருந்து அப்படியே எழுப்பிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

"தங்கச்சிக்கு என்ன பிரச்சினை?" என்று வாயை அதிகம் அசைக்காமல் கேட்டார்.

"கொப்பி."

"கொப்பிக்கும் பிடிக்கத் தொடங்கிட்டாங்களோ?" என்று சிரிக்கப் பார்த்தார். "எனக்கு அடையாள அட்டை. என்ரை ஐ.சி. கையிலை இருக்கு. இன்னொராளின்ரையும் இருந்தது. அதுதான் பிழை."

"எப்ப தொடக்கம் இருக்கிறியள்?"

"நேற்று விடிய. தமிழ் தெரிஞ்ச ஆள் வரவேணுமாம், எழுத. புதன்கிழமை தொடக்கம் அவர் வரேல்லையாம். நீங்கள் சிங்களம் கதைப்பியளோ?"

"கடைச் சிங்களம்தான்."

"எனக்கு அதுகும் ஊசி, நூல், பட்டன் வரைக்கும்தான்" என்றார்.

பொறுப்பதிகாரி 11.40க்கு வந்தார். சத்தம் போடாத மனிதர். கொப்பியை மேசையில் விரித்து, ஏன் நேரம் எழுதினாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பழக்கம், பயிற்சி, புத்தகம் என்று நான் சொல்லச் சொல்ல, எனக்கே அது பொய் போலக் கேட்டது. அவர் மேசையில் கிடந்த சிங்களப் பத்திரிகையை எடுத்து விளையாட்டுப் பக்கத்தை வேகமாக வாசிக்கத் தொடங்கினார். பென்சிலைக் காட்டினார். நான் எழுதினேன். முக்கால்வாசி விளங்கவில்லை, ஒலியை எழுதினேன். பிறகு திருப்பி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். என் உச்சரிப்பைக் கேட்டுப் பொலிஸ்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதிகாரி சிரிக்கவில்லை. பத்திரிகையில் விரலை வைத்து வரி வரியாக ஒப்பிட்டுக்கொண்டு வந்தார்.

"எத்தனை சொல்?" என்றார்.

"தொண்ணூற்று நான்கு, சேர்."

"நூறு கேட்பார்களே."

"ஓம், சேர். இன்றைக்கு இரண்டு மணிக்குச் சோதனை."

"தமிழும் இப்படி எழுதுவாயா?"

"எந்த மொழியும் எழுதுவேன், சேர்."

அது தேவையில்லாத பதில். பயத்தில் சொன்னதல்ல. பத்து மாத உழைப்பை ஒருவர் முதல் தடவையாக வரி வரியாகப் பார்த்து ஒப்புக்கொண்ட சந்தோஷத்தில் வாயில் வந்தது.

அவர் வாங்குப் பக்கம் தலையை அசைத்தார். "அந்த ஆளின் வாக்குமூலத்தை எழுது. பிறகு எங்கள் எழுத்தருக்குச் சிங்களத்தில் சொல்லு. அவர் எழுதுவார். முடிந்ததும் நீ போகலாம்."

மொழிபெயர்க்குமளவுக்கு என் சிங்களம் போதாது என்று சொன்னேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். 12.04.

தையல்காரர் சொன்னார், நான் எழுதினேன். பயிற்சியின் பலன் அப்போது தெரிந்தது. ஒரு சொல்லும் தவறவில்லை. திங்கட்கிழமை யாரோ ஒருவர் இரண்டு பழைய சேட்டுகளைச் சிறிதாக்கத் தந்துவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை அதைப் பிரித்தபோது ஒரு சேட்டின் பைக்குள் வேறொருவருடைய அடையாள அட்டை இருந்தது. தந்தவரின் முகமில்லை அதில். பயந்துபோய் அன்று பின்னேரமே பக்கத்தில் நூல் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் காட்டினார். நானா, இதைத் தனியே கொண்டு போகவேண்டாம், வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்குப் பிறகு நானும் வருகிறேன், இரண்டு பேருமாகப் பொலிஸில் கொடுப்போம் என்றார். தையல்காரர் அட்டையை மேசை லாச்சியில் வைத்தார். வியாழன் விடியக் கடைகளைச் சோதித்தபோது அதை எடுத்துவிட்டார்கள்.

முடிய 12.40. இனிச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். எழுத்தர் வயதான சார்ஜன்ட். ஒவ்வோர் எழுத்தையும் வட்டமாக, அழகாக எழுதினார். நான் ஒரு வசனம் சொல்வேன். அது பிழை என்று தெரிந்து வேறு விதமாகச் சொல்வேன். அவர் கார்பன் தாளை நேராக்குவார். சேட்டுக் கதை முடிய 1.08. நானாவின் பகுதி நீளமானது. கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார், வெள்ளிக்கிழமை என்று தீர்மானித்தார்கள் என்பதையெல்லாம் சொல்ல என்னிடம் சொற்கள் இல்லை. தொடங்கினேன், தடுமாறினேன்.

"கெட்டியென், நங்கி, கெட்டியென்" என்றார் சார்ஜன்ட். சுருக்கமாகச் சொல்லு தங்கச்சி என்று.

அட்டையைச் செவ்வாய்க்கிழமை கண்டார், யாருடையது என்று தெரியாது, லாச்சியில் வைத்தார் என்று சொன்னேன். சார்ஜன்ட் எழுதிக் கோடு போட்டார். 1.16.

தாளைத் தையல்காரரின் முன்னால் வைத்தார்கள். அவர் பேனையை எடுத்தார். எழுதியிருந்ததில் ஓர் எழுத்தும் அவருக்குத் தெரியாது. என்னைப் பார்த்தார்.

"பக்கத்துக் கடை நானான்ரை கதையும் சொன்னனீங்கள்தானே, தங்கச்சி?"

"ஓம்" என்றேன்.

அவர் கையொப்பம் வைத்தார்.

பொறுப்பதிகாரி கொப்பியில் நேரம் எழுதிய பழைய பக்கங்களைக் கிழித்து எடுத்துக்கொண்டு மீதியைத் தந்தார். அன்றைய தாளின் பின்புறத்தில் அவர் பத்திரிகையிலிருந்து வாசித்ததை நான் எழுதியது இருந்ததால் அது மட்டும் தப்பியது. தையல்காரரின் வாக்குமூலம் இருந்த ஏழு பக்கங்களை அவர் பார்க்கவேயில்லை. அவருக்கு அவையும் பயிற்சிதான். 1.27க்கு வெளியே வந்து ஓட்டோவை மறித்தேன். புதுக்கடையில் இறங்கியபோது 1.49.

சோதனையில் நூற்று மூன்று வந்தது. கை தானாக ஓடியது. மூத்த வழக்கறிஞர் தட்டச்சுத் தாளைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை வரச் சொன்னார். கடிதம் அன்று தருவார். அவருடைய கனிஷ்ட சட்டத்தரணி, அதாவது உதவி வழக்கறிஞர், அந்த அறையிலேயே இருந்தார். கைதானவர்களுக்காக நிலையம் நிலையமாக ஏறி இறங்குபவர் என்று பிறகு அறிந்தேன். அன்றைக்கே அவரிடம் வாயைத் திறந்திருக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு முன் பொலிஸ் வாங்கில் இருந்தவள் என்று தெரிந்தால் கடிதம் தருவார்களா என்று யோசித்தேன். திறக்கவில்லை.

சனிக்கிழமை முழுவதும் இருந்து ஏழு பக்கச் சுருக்கெழுத்தை முழு எழுத்தில் நான்கு தாளில் பிரதி செய்தேன். அறைத் தோழி வேலையால் வந்து கட்டிலில் இருந்தபடியே வாசித்தாள்.

"இதை இப்பவே கொண்டுபோய்க் குடு. அந்த லோயரின்ரை வீடு எங்கை எண்டு கேட்டா சொல்லுவினம்."

"திங்கட்கிழமை குடுக்கிறன்."

"திங்கள் மட்டும் அந்த மனிசன் என்ன, உன்ரை கொப்பிக்குள்ளையோ இருக்கிறார்?"

"கடிதம் இல்லாட்டி மாதக் கடைசியிலை நானும் போகவேண்டியதுதான். உனக்கென்ன, நீ கதைப்பாய்."

அவள் தாள்களை மடிக்காமல் மெதுவாக மேசையில் வைத்தாள். "ஓம். எனக்கென்ன" என்றாள்.

திங்கள் 9.30க்குக் கடிதம் கையில் கிடைத்தது. 10.15க்கு நான்கு தாளையும் கனிஷ்ட சட்டத்தரணியிடம் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார்.

"இது எப்ப எழுதினது?"

"வெள்ளிக்கிழமை, சேர்."

"இண்டைக்கு என்ன கிழமை?"

"திங்கள்."

கறுப்புக் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மத்தியானம் திரும்பி வந்து, அந்த ஆள் அங்கே இல்லை என்றார். விட்டுவிட்டதாக ஒருவர் சொன்னாராம், வேறிடத்துக்கு மாற்றியதாக இன்னொருவர். பதிவேட்டைக் காட்டவில்லை. மாற்றியிருந்தால் எங்கே என்று அந்தக் கிழமை முழுவதும் தேடினார். ஓரிடத்திலும் விவரம் கிடைக்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வாக்குமூலத்தில் இருந்த கடை முகவரியைத் தேடிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். தையல் கடை பூட்டியிருந்தது. பக்கத்து நூல் கடை நானா ஒரு பெண்ணுக்கு ரேந்தைப் பின்னல் அளந்துகொண்டிருந்தார். அவள் போகும்வரை நின்று விசாரித்தேன்.

"அவர விட்டுட்டாங்க தங்கச்சி. அந்தச் சனிக்கிழமயே, அஸர் தொழுகைக்குப் பொறகு எண்டு செல்றாங்க."

"நீங்கள் கண்டனீங்களோ?"

"நான் காணல்ல. மருமகன்தான் செல்லிச்சி. நான் வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சி ஸ்டேஷனுக்குப் போனேன், சாட்சி செல்ல. அவர் குடுத்த வாக்குமூலக் கடுதாசில என்ட பேரே இல்லயாம். நீ யாரு எண்டு கேட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க."

"அதை எழுதாமல் விட்டது நான்தான்" என்றேன். நடந்ததைச் சொன்னேன். ரேந்தைச் சுருளை அவர் மெதுவாகத் திரும்பச் சுற்றினார்.

"ஏன் தங்கச்சி உட்டீங்க?"

"நேரமில்லை."

"அப்ப இப்ப எதுக்கு வந்தீங்க?"

"எப்ப விட்டவை எண்டு அறிய."

"அறிஞ்சி?"

அவர் சுருளைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்து வந்தவரிடம் திரும்பினார்.

தையல் கடைக்கு மேல் மாடியில் குடியிருந்த பெண் வேறு விதமாகச் சொன்னாள். வியாழக்கிழமைதான் அவர் வந்தார், மச்சானோடு மெஷினை ஏற்றிக்கொண்டு போக. வலக்கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் இருந்தார். நேரே பொலிஸிலிருந்துதான் வருகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. கேட்கவில்லை, கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

அந்த அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை செய்தேன். காலை 4.50க்கு எழும்புவது இன்றும் தொடர்கிறது. வேகம் நூற்று நாற்பது வரை போனது. சாவடி வரிசைகளில் பிறகு நான் எழுதவில்லை. புதிதாக ஒரு பழக்கத்தை மட்டும் வேண்டுமென்றே உண்டாக்கிக்கொண்டேன். யார் சொல்லி எழுதினாலும், அவர் கையொப்பம் வைக்குமுன் முழுவதையும் அவருடைய மொழியில் உரக்க வாசித்துக் காட்டுவேன். கட்சிக்காரர்கள் கொட்டாவி விடுவார்கள். "மிஸ், பூசை முடிஞ்சுதோ?" என்று அலுவலகத்தில் பகிடி பண்ணுவார்கள். அது பழக்கமாகப் படிய மூன்று கிழமை எடுத்தது. மற்றப் பழக்கங்களைவிடக் குறைவான நாட்கள்.

நானா சொன்னதையும் மாடிப் பெண் சொன்னதையும் அன்றைக்கே தனித்தனியாகக் குறித்திருக்கிறேன். சனிக்கிழமை விட்டார்கள் என்றால், திங்கள்வரை நான் பேசாமல் இருந்ததால் அவருக்கு வந்த கேடு ஒன்றுமில்லை. வியாழன் என்றால், நான் கடிதத்துக்காகக் காத்திருந்த நாட்கள் அவரிடமிருந்து எடுத்த நாட்கள். இரண்டு பேரும் அவர் வெளியே வந்ததைத் தம் கண்ணால் கண்டவர்களல்லர். கனிஷ்ட சட்டத்தரணி காலமாகிவிட்டார். அவருடைய குறிப்பேட்டில் அந்தக் கிழமைக்கு உள்ள பக்கங்களில் இதைப் பற்றி ஒன்றுமில்லை. நிலையத்தின் பதிவேட்டைப் பார்க்க இரண்டு தடவை விண்ணப்பித்தேன், பதில் வரவில்லை. தையல்காரர் விடுவிக்கப்பட்டது அந்தச் சனிக்கிழமையா, அடுத்த வியாழக்கிழமையா என்பதை இதை எழுதும்வரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.